இரையும் றெகுலேட்டர்

“இது மூண்டாந்தரம், லோரன்ஸ். நீர் மெக்கானிக்கோ, இல்லாட்டி சும்மா ஸ்பேனரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆளோ?”

நீர்ப்பாசனத் திணைக்களச் சுழியோடி செல்வரத்தினம் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பலசரக்குக் கடை சாலிஹ் நானாவே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செல்வரத்தினத்தின் கையில், சிலிண்டரில் பூட்டி மூச்சிழுக்கிற றெகுலேட்டர். பின்னால் காற்றுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு பொலிஸ்காரர். யுத்தம் நடந்துகொண்டிருந்த 1990ஆம் ஆண்டு அது. தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் கருவி எங்கே போனாலும் கூடவே ஒரு துப்பாக்கியும் போகவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை.

லோரன்ஸ் மாத்தளை டவுனில் காஸ் அடுப்பும், தோட்டத்தில் மருந்தடிக்கிற மெஷினும் திருத்துகிறவன். முன்பு திருகோணமலையில் சுழியோடிகளின் சாமான் திருத்தும் கடையொன்றில் இருந்ததால் இந்த வேலையும் அவன் தலையில் விழுந்தது. விழாமலே இருந்திருக்கலாம்.

பல்லேகமப் பக்கத்துக் குளமொன்றில் தண்ணீர் திறந்துவிடுகிற துரிசுக் கதவு இறுகிக் கிடந்தது. செல்வரத்தினம் இறங்கினால்தான் வயலுக்குத் தண்ணீர். அவரோ, சிலிண்டரைத் திறந்ததுமே, யாரும் மூச்சு இழுக்காமல் காற்று தானாகக் கொட்டுகிறது என்று திரும்பத் திரும்ப வந்து நின்றார்.

முதல் தடவை, சிலிண்டரில் பூட்டுகிற தலைப்பகுதியில் அழுத்தம் ஏறுகிறதென்று லோரன்ஸ் உள்வால்வை மாற்றினான். இரண்டாம் தடவை, வாயில் கவ்வுகிற பகுதியின் பக்கத்துத் திருகாணியை அரைச்சுற்று இறுக்கினான். இரண்டு தடவையும் இரைச்சல் நின்றது. அவனே வாயில் வைத்து இழுத்துப் பார்த்துத்தான் கொடுத்தான். பிறகும் பழுதென்றால் அவன் என்ன செய்வான்?

“குளத்துச் சேறு போயிருக்குங்க ஐயா. என் வேலையில குறை இல்லை.”

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். முழுசாக் கழட்டிப் பாரும் எண்டு ரெண்டு தரமும் சொன்னனான். நீர் வெளியாலை முறுக்கிப்போட்டு அனுப்புறீர்.”

லோரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்ற இரைச்சலுக்கு எந்த மடையன் மூடியைக் கழற்றுவான்? சரியாக ஓடுகிற மெஷினைப் பிரிக்கக்கூடாது என்பது தொழிலின் அரிச்சுவடி. அதைச் சுழியோடி வந்து சொல்லித்தர வேண்டுமா?

அப்போது பொலிஸ்காரர் நல்ல தமிழிலேயே ஒரு செய்தி சொன்னார். இன்றைக்கும் சரிவராவிட்டால் திணைக்களப் பொறியியலாளர் இதை நாசவேலை என்று எழுதப்போகிறாராம். லோரன்ஸையும் ஜீப்பில் ஏற்றிவரச் சொல்லியிருக்கிறாராம்.

நாசவேலை! ஒரு தமிழனை உள்ளே தள்ள அந்த ஒரு சொல் போதும். அவனை வெளியே எடுக்க எத்தனை பெரிய மனிதர் பேசினாலும் போதாது. இரண்டு தரம் ஒழுங்காக வேலை செய்து கொடுத்தவனுக்கு இதுவா கூலி?

செல்வரத்தினம் அதோடும் விடவில்லை. “உம்மடை நினைப்பு வேலையில இல்லை. காணாமல்போன தம்பியிலதான் இருக்கு.”

லோரன்ஸ் ஸ்பேனரை மேசையில் அடித்தான். “தம்பியை இழுக்காதீங்க ஐயா. ஆமி சுத்திவளைப்பு அன்னைக்கு வீட்டை விட்டுப் போனவன், அஞ்சு மாசமா இருக்கானா செத்தானான்னு தெரியலை. எங்க அம்மா ஒழுங்காச் சாப்பிட்டு அஞ்சு மாசம். உங்க மெஷினுக்கும் கபிரியேலுக்கும் என்ன சம்பந்தம்?”

செல்வரத்தினம் சிலிண்டரை நகர்த்திக் கொடுத்தார்.

லோரன்ஸ் அதில் றெகுலேட்டரைப் பூட்டித் திறந்தான். உஸ்ஸென்று காற்று கொட்டியது. வாய்ப்பக்கத்தைக் கீழே திருப்பிப் பார்த்தான்; நிற்கவில்லை. திருகாணியை முடிந்தமட்டும் இறுக்கினான். இரைச்சல் குறைந்தது, ஆனால் மூச்சிழுக்க நெஞ்சு வலித்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தண்ணீருக்குள் இறங்க முடியாது. இனிமேல் மூடியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

“வாங்க, ரெண்டு பேரும் வந்து பாருங்க. உள்ளுக்கு என் வேலை எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க” என்று கறுவிக்கொண்டே சிலிண்டரை மூடி, றெகுலேட்டரின் வாய்ப்பகுதி மூடியைப் பிடித்திருந்த வளையத்தைத் திருகினான்.

பொலிஸ்காரர் கிட்ட வந்தார். செல்வரத்தினம் சட்டென்று அவருக்கும் மேசைக்கும் நடுவில் வந்து, முதுகை லோரன்ஸுக்குக் காட்டியபடி, இந்த ஊர் மெக்கானிக்குகளின் வண்டவாளத்தையெல்லாம் முன்னிலும் பெரிய சத்தத்தில் அவரிடம் அவிழ்க்கத் தொடங்கினார். ஏச்சு நிற்கிற பாடாக இல்லை.

மூடி கையோடு வந்தது. மூடிக்கும் அதன் கீழிருந்த றப்பர் தகட்டுக்கும் நடுவில் பொலித்தீனில் தடிப்பாகச் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். அதுதான் றப்பரை அமுக்கி, அதன் வழியே அடியிலிருந்த நெம்புகோலையும் அமுக்கி, காற்றை ஓயாமல் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது.

யார் வைத்த வேலை இது? லோரன்ஸ் ஆத்திரத்தோடு பிரித்தான். உள்ளே மடித்த கடதாசி. பழகிய எழுத்தைக் கண்டதும் கைத்துணியை இழுத்து மேலே போட்டுக்கொண்டு, அதன் மறைவில் படித்தான்.

“அண்ணே, உசிரோட இருக்கேன், அம்மாகிட்ட சொல்லு. இதுக்கு முந்தி எழுதின ரெண்டு கடுதாசியும், நீ மூடியைக் கழட்டாததால, செல்வரத்தினம் ஐயாவோட எங்கிட்டயே திரும்பி வந்திருச்சு.”