முதுகுக்குப் பின்னால் வந்த பதில்

"இந்தத் தடவையும் எல்லாப் பிள்ளைங்களும் தப்பாத்தான் சொல்லிச்சுங்களா சார்?" டீயை மேஜைமேல் வைத்தபடி கேட்டாள் லேப் அட்டெண்டர் அம்சவல்லி.

பழமலைநாதன் சிரித்துவிட்டார். பிளஸ் டூ பிராக்டிகலுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அவர். 'வெளிச்சத்தைக் கூட்டினா, உலோகத்துலேருந்து வெளிய வர்ற எலக்ட்ரானோட சக்தி கூடுமா?' என்று கேட்டால் விருத்தாசலத்துப் பிள்ளைகள் யோசிக்கவே யோசிக்காது. பீங்கான் சூளையைப் பார்த்து வளர்ந்ததுகள் அல்லவா? தீயைக் கூட்டினால் சூடு கூடும், வெளிச்சமும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்லும்.

"நானும் இந்த ஊருதாம்மா. எண்பத்தி நாலுல இதே லேப்புல, இதே கேள்வி. 'கூடும்'னு சொல்ல வாயெடுத்தேன். பின்னாலேருந்து யாரோ, 'கூடாது, எண்ணிக்கைதான் கூடும்'னு கிசுகிசுத்தாங்க. பயத்துல திரும்பிக்கூடப் பாக்கல. அதை அப்படியே ஒப்பிச்சுத் தப்பிச்சேன். அன்னிக்கு ஃபெயிலாகியிருந்தா, அப்பா என்னையும் சூளைக்கு அனுப்பியிருப்பாரு."

அதே மர மேஜை, அதே ஜன்னல். ஜங்ஷனில் ரயில் கூவுவதுகூட அப்படியே கேட்டது.

"யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

"கிளாஸ்ல முதல் மார்க்கு கோகுலகிருஷ்ணன்தான்னு நெனச்சு, அவன் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டேன். போன மாசம்தான் சொல்றான், 'நான் இல்லடா'ன்னு. மோதிரம் போடும்போது கம்முனு இருந்த பய."

அம்சவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அதான் இந்த ஊரு டூட்டியைக் கேட்டு வாங்கினேன். அந்த வருசத்து ரெஜிஸ்டரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா. அது யாரா இருந்தாலும், கையைப் புடிச்சு நன்றி சொல்லாம போகமாட்டேன்."

அவள் ரெஜிஸ்டர் இருந்த பீரோ பக்கம் போகவில்லை. "ஏன் கூடாதுன்னு அவங்க சொல்லலியா சார்?"

"அதுக்கெங்க நேரம்?"

"மாமரத்துல நூறு பேரு பொடிக்கல்லு எறிஞ்சா நெறைய மாங்கா விழும். ஆனா ஒரு மாங்காய்க்கு ஒரு கல்லுதான். ஒவ்வொரு கல்லுக்கும் வேகம் அதேதான். வெளிச்சம் கூடினா கல்லு கூடும், அவ்ளோதான் சார். நிறம் மாறினாத்தான் வேகம் மாறும்."

அவர் அசந்துபோனார். "இவ்வளவு தெரிஞ்சவங்க ஏம்மா மேல படிக்கல?"

"பிளஸ் டூவுல பிசிக்ஸ் போயிடுச்சு, ரெண்டே மார்க்குல." காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "உங்களுக்கு அடுத்து என்னைத்தான் கூப்பிட்டாங்க சார். அதே கேள்வி. எல்லாரும் தப்பா சொல்றப்ப நாம ரெண்டு பேரும் மட்டும் ஒரே மாதிரி சரியா சொன்னா, நான் சொல்லிக் குடுத்தது தெரிஞ்சு உங்களையும் ஃபெயிலாக்கிடுவாங்களேன்னு, 'கூடும்'னு சொல்லிட்டேன்."