ஏனுங்க

எழுபதைத் தாண்டியதும் வளர்மதி காதில் ஞாபகப் பொத்தான் மாட்டிக்கொண்டாள். மறந்த பெயரை அது மெல்ல எடுத்துக்கொடுக்கும். கணவரை அவள் “ஏனுங்க” என்று கூப்பிடும்போதெல்லாம், பாவம், அது “நவநீதன்” என்றது.

மாதக் கடைசியில் மகளுக்கு அறிக்கை போனது: ‘உங்கள் தாயார் கணவர் பெயரை 812 முறை மறந்துள்ளார்.’

மகள் பதறிப்போய் போன் செய்தாள். “அம்மா, அப்பா பேரு என்னன்னு சொல்லு பாக்கலாம்!”

கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் வளர்மதி அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. முகம் சிவக்க, “நவநீதன்” என்றாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னையவா கூப்பிட்ட?”

“இல்லீங்க, ஞாபகம் நல்லா இருக்குதான்னு டெஸ்ட்டுங்க.”

“எனக்குக் காது சரியாக் கேக்கல. மறுக்கா ஒருக்காச் சொல்லு.”