கைகள் மட்டும் பேசும் இடம்

“மாமா, எங்கம்மாவுக்குக் காது கேக்காதே. நான் உள்ள மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுறது?”

பல வருஷங்களுக்கு முன் ஒருநாள், அரங்கத்துக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சிக்கி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒரு வாண்டு கேட்ட கேள்வி அது. தாழ்ப்பாளை நெம்பித் திறந்த வாட்ச்மேன், தோளில் கிடந்த துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “என்னைக் கூப்பிடு பாப்பா. எனக்குக் கேக்கும்” என்றார்.

அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போனது. அவரும் மறந்துபோனார். இப்போது சாமான் அறைக்குள் தானே மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்குப் பதில்தான் கிடைக்கவில்லை.

மடக்கு நாற்காலி எடுக்க உள்ளே போனார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உட்பக்கக் கைப்பிடி போன மாதமே கழன்று விழுந்திருந்தது. ‘நாளைக்கு மாட்டிக்கலாம்’ என்று தினமும் தள்ளிப்போட்டவரும் அவரேதான். செல்போன் வாசல் அறையில் சார்ஜில் கிடந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அதில் மனைவி பேசியிருந்தாள்.

“ஏங்க, இன்னைக்காவது நேரத்தோட வாங்க. ஒரே பக்கமாப் படுத்துக் கிடந்து முதுகு எரியுது.”

“கூட்டம் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்.”

“அதுக்காக அவங்களை விரட்டாதீங்க, பாவம்.”

“விரட்டறதாவது! லைட்டை நாலு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டா, தானாக் கிளம்பிடுவாங்க.”

படுத்த படுக்கையாக இருப்பவள். அவர் போய்த் திருப்பிப் படுக்க வைத்தால்தான் உண்டு; ஒரு வாய்த் தண்ணீர்கூட அவர் கையால்தான். நாளையும் மறுநாளும் அரங்கத்துக்கு விடுமுறை. இந்தப் பக்கம் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது.

கதவை ஓங்கி உதைத்தார். “யாராவது கதவைத் திறங்களேன்!”

சுவருக்கு அந்தப் பக்கம் அரங்கம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். காது கேளாதோர் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம். ஆபத்து நேரத்தில் உதவிக்கு யாரை, எப்படி அழைப்பது என்பதுதான் இன்றைய பாடம். அழுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

பாடம் நடத்துபவள் சமீபத்தில் வந்து சேர்ந்த இளம்பெண். வந்ததும் முதல் வேலையாக வாசல் கேட்டில் ஒரு பலகை மாட்டினாள்: ‘இதைத் தாண்டினால் வாய் பேசக் கூடாது. இங்கே கைகள் மட்டும் பேசும்.’

“வாய் பேசாதவங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சட்டம்?” என்று அவர் கிண்டலடித்தார். அவள் சிரித்துக்கொண்டே ஆணியை அறைந்தாள்.

பாடம் முடிந்ததும் குழந்தைகளுக்காகப் பெரிய முரசை அடித்தார்கள். மரத்தரையில் வெறுங்காலோடு நின்று, அந்த அதிர்வை உடம்பால் கேட்பது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வாட்ச்மேன் உதைத்த உதையெல்லாம் அந்த இடியில் கரைந்துபோயிற்று.

அப்போதுதான் கண்ணில் பட்டது, சுவரில் இருந்த மெயின் ஸ்விட்ச். அரங்கத்து விளக்குகள் எல்லாம் அதன் கையில். காது கேளாதவர்களைக் கூப்பிட விளக்கை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார்.

முரசு நின்றது. ‘அப்பாடா, புரிஞ்சுக்கிட்டாங்க!’

புரிந்துகொண்டார்கள்தான். நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது. கூட்டம் நீளும்போதெல்லாம் இப்படித்தானே அவர் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவந்தார்! அவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே அதுதான்: தலைக்கு மேல் விரல்களை விரித்து மூடுவார்கள். விளக்கணைக்கும் மனிதர்.

“ஐயோ, போகாதீங்கப்பா! இன்னைக்குக் கிளம்பச் சொல்லலை!”

செருப்புச் சத்தங்கள் வாசலைக் கடந்தன. வெளியே வேன் உறுமிக்கொண்டு புறப்பட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

அவர் தரையில் சரிந்து உட்கார்ந்தார். கத்தத் தெம்பில்லை. படுக்கையில் கிடப்பவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது கண்முன் வந்தது.

“கடவுளே, எனக்காக வேண்டாம். அவளுக்காகக் கதவைத் திற” என்று வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

வெளிப்பக்கக் கைப்பிடி திரும்பியது.

கதவைத் திறந்துகொண்டு நின்றாள் பாடம் நடத்துகிற அந்தப் பெண். கையில் அரங்கத்துச் சாவி. பூட்டுவதற்கு முன் எதையோ எடுக்க வந்திருக்கிறாள், கடவுள்தான் அனுப்பியிருக்கிறார். அவர் எழ முடியாமல் கைகூப்பினார். அவளுக்குப் புரியட்டும் என்று தலைக்கு மேல் விரல்களை விரித்து மூடிக் காட்டி, இனிமேல் மாட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் சிரித்துவிட்டாள். அவர் முன் மண்டியிட்டு, அவர் துண்டாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள். பிறகு அரங்கத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

தான் மாட்டிய பலகையின் சட்டத்தைத் தானே மீறி, மெல்ல வாயைத் திறந்தாள்.

“எனக்குக் கேட்டுச்சு, மாமா.”