நெத்தலியின் வயிற்று வரிகள்

நெத்தலி மீனின் உடம்பில் தசை முறுக்கேறி நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

முல்லைத்தீவுக் கரையில் மத்தேயுவைக் கண்டால் எல்லாரும் கேட்கும் கேள்வி அது. ஆள் அவ்வளவு மெலிவு. அந்த மெலிவுக்காகவே, நாடகம் பழக்கும் அண்ணாவியார் இந்த முறை பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில் அவனை யேசுவாகப் போட்டிருந்தார்.

"சிலுவையிலை நெத்தலிக் கருவாடு காயப் போகுதாம்!"

வலை தைத்துக்கொண்டிருந்த அருளப்பு சொன்னதும் கரை முழுதும் சிரித்தது.

மத்தேயு தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். மேலாடை இல்லாமல் ஊர் முன்னே தொங்கும்போது ஒருவர் சிரித்தாலும் போதும், நாடகமும் போச்சு, மானமும் போச்சு. கோயிலில் சிலுவையில் தொங்கும் யேசு சுரூபத்தின் வயிற்றில் வடிவாக வரி விழுந்திருக்கும். அதுபோல் தனக்கும் விழ வேண்டும்.

பரந்தனில் பாரம் தூக்கிப் பழகும் ஐயாத்துரையிடம் போனான். அவர் இவன் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். தோல்தான் கையில் வந்தது.

"கரைக்கக் கொழுப்புமில்லை, காட்டத் தசையுமில்லை. படுத்துப் படுத்து எழும்பு. முட்டை, மீன் எண்டு நல்லாச் சாப்பிடு தம்பி."

எங்கே சாப்பிடுவது? பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம். யேசுவாக நடிக்கிறவன் நாடகம் முடியும்வரை ஒருசந்தி இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு வேளைச் சோறு, மீன், முட்டை என்று மச்சம் எதுவும் தொடக்கூடாது. அது ஊர் வழக்கம்.

எழும்புவதுதான் மிஞ்சியது. முற்றத்து மணலில் மல்லாந்து படுத்து எழும்புவான். மனைவி யூலிற்றா காலை அமுக்கிப் பிடிப்பாள்.

"எடியே, வரி தெரியுதோ?"

"நீங்களே பாருங்கோவன்."

"குனிஞ்சால் தோல் மடியுது. நிமிந்தால் ஒண்டும் தெரியேல்லை. கண்ணாடியும் உள்ளங்கையளவு."

யூலிற்றா உற்றுப் பார்த்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

"ஓம், மேலை ரெண்டு வந்திட்டுது."

"உண்மையாவோ?"

"தபசு காலத்திலை பொய் சொல்லுவனே?"

பெரிய வெள்ளி பின்னேரம் அவள்தான் அவனுக்கு எண்ணெய் பூசி, காயங்களுக்குச் சிவப்புச் சாயம் வைத்தாள்.

"கையெல்லாம் என்னடி கரி?"

"குசினிக்கை அடுப்படியிலை இருந்தல்லோ ஓடி வந்தனான். ஆடாதேங்கோ. கண்ணை மூடிச் செபம் சொல்லுங்கோ."

செபம் முடிந்து கண்ணைத் திறந்தான். குனிந்தான். மங்கல் லாம்பு வெளிச்சத்தில் வயிற்றின் குறுக்கே வரி வரியாக...

"எடியே, தெரியுதடி!"

"நான் அப்பவே சொன்னனான் எல்லே?"

பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் சிலுவை நிமிர்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் விம்மினார்கள். அருளப்புகூடத் தலைத்துண்டால் கண்ணைத் துடைத்தான்.

"கண்டியே, நெத்தலியும் மீன்தான்!" என்றான் வீட்டுக்கு வந்த மத்தேயு. அலுப்பில் சாயத்தைக்கூடக் கழுவாமல் பாயில் விழுந்தான்.

மறுநாள் காலை கிணற்றடியில் யூலிற்றா அவன் மேல் முதல் வாளியை ஊற்றினாள். விலாவிலிருந்து சிவப்புச் சாயம் வழிந்தது. அதன் பின்னால் வயிற்று வரிகள் அத்தனையும் சட்டிக்கரியாய்க் கரைந்து அவன் காலடியில் ஓடின.