அம்மன் இழுத்த வேன்

"என்ன தம்பி, வேனுக்குள்ள வடை சுடுற வாசம் வருது?"

பின் சீட்டிலிருந்து ராசம்மா கேட்டாள். அவள் மடியில் தலைவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் மகள் தனுஷிகா. நிறைமாதம். விடிந்ததும் வலி கண்டுவிட்டது. தேயிலைத் தோட்டத்து ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. மேல் டிவிசன் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கெல்லாம் இருக்கிற ஒரே வேன் விஜிதரனுடையது. அதில்தான் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

"நம்ம வேன்ல ஏதுக்கா வடை? லயத்துல யாராச்சும் சுடுவாங்க" என்றான் விஜிதரன்.

சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளைவெளேரென்று புகை! வாசமும் வேறெங்கிருந்தும் வரவில்லை. வேனோடு சேர்ந்தே வந்தது. நல்லெண்ணெய் காய்கிற வாசம்.

கிளம்பும்போது டீசல் முள் அடியில் கிடந்தது. "நாகு, கட்டிலுக்கு அடியில டீசல் கேன் இருக்கு. எடுத்து ஊத்து!" என்று கத்திவிட்டு, தனுஷிகாவைத் தூக்கிவர ஓடிவிட்டான். மனைவி நாகலெட்சுமிதான் புனல் வைத்து ஊற்றினாள். மூடியைத் திருகிவிட்டு, "பாதியில எங்கயும் நிப்பாட்டிடாதீங்க. மெதுவா போனாலும் போய்க்கிட்டே இருங்க" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது இரண்டு கேன். இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே அளவு. ஒன்று டீசல் கேன். மற்றதில், மாரியம்மன் திருவிழா விளக்குக்காக லயத்தில் வீட்டுக்கு ஒரு போத்தலாகச் சேர்த்த நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் கட்டியாகிவிடும் என்று நல்லெண்ணெயாகவே வாங்கியிருந்தார்கள்.

"அடிப்பாவி! கேனை மாத்தி ஊத்திட்டாளே!"

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க பிள்ளையப் பாருங்க."

எப்படிச் சொல்வான்? பாலம் வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் ஆறு வளைவு ஏற்றம். அதற்கு மேலேதான் ஆஸ்பத்திரி. டீசல் அடிக்கிற பெட்ரோல் செட்டோ ஆஸ்பத்திரிக்கும் அப்பால். நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமா? ஏற்றத்தில் நின்றுபோனால் இவளைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் உண்டா? ஒரு உயிரா, இரண்டு உயிர்!

முதல் வளைவில் இன்ஜின் இடித்தது. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் வேனே நடுங்கியது. தனுஷிகா "அம்மா!" என்று அலறினாள்.

விஜிதரன் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. கோயிலுக்குப் போகிற நேரத்தில் ஒரு வாடகை ஹயர் ஓடலாம் என்று கேலி பேசுகிறவன். அவன் வாயிலிருந்துதான் வந்தது.

"ஆத்தா! ஒன் எண்ணெயத்தான் எரிக்கிறேன். தெரியாம நடந்துபோச்சு. இந்தப் பிள்ளைய மேல கொண்டுபோய்ச் சேர்த்துடு தாயே!"

நடுக்கம் நின்றது. வேன் சீராக இழுக்க ஆரம்பித்தது. நான்கு, ஐந்து, ஆறு... புகையும் வடை வாசமுமாக ஏறியே விட்டது. அப்பா! பதினொரு வருஷமாக ஓட்டுகிறான், அந்த ஏற்றத்தில் வேன் இவ்வளவு சாதுவாகப் போய் அவன் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் போன கால் மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். விஜிதரன் அப்போதுதான் ராசம்மாவிடம் உண்மையைச் சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ராசம்மா அங்கிருந்தே லயத்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

சாயங்காலம், பெட்ரோல் செட்டில் வழிக்குப் போதுமான டீசல் மட்டும் வாங்கி ஊற்றிக்கொண்டு வேன் லயத்து வாசலுக்கு வந்ததும் சனம் கூடிவிட்டது. கோயில் எண்ணெய் போச்சே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் கஜேந்திரனே செருப்பைக் கழற்றிவிட்டு, வேனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"விளக்குக்கு வச்ச எண்ணெயில வேன் மலை ஏறுமாப்பா? அம்மாவே இழுத்துட்டுப் போயிருக்கா!"

பம்பரில் வேப்பிலை கட்டினார்கள். கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தார்கள். வேனைச் சுற்றி வந்து கும்பிட்டவர்களும் உண்டு.

கூட்டம் கலைந்ததும் விஜிதரன் அடுப்படிக்கு வந்தான். நாகலெட்சுமி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வரவே இல்லை.

"நாகு, காலையில மனசுக்குள்ள ஒன்னைய எப்படித் திட்டினேன் தெரியுமா? இப்பத்தான் புரியுது. ஒன் கையில அந்தக் கேனைக் குடுத்ததே அவதான்." அவன் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "சரி, டீசல் கேனை எடு. ஊத்தி வச்சிருவோம்."

அவள் எழுந்துபோய் இரண்டு மஞ்சள் கேனையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இரண்டும் காலி.

"முந்தாநாள் தேயிலைக் கொழுந்து லொறி ரோட்டுல நின்னப்ப, இருந்த டீசலை எல்லாம் நீங்கதானே ஊத்திவிட்டீங்க. மறந்துட்டீங்களா?"

விஜிதரன் இரண்டு கேனின் மூடியையும் திறந்து மோந்து பார்த்தான். "அப்ப நீ... மாத்தி எடுக்கலையா?"

"டீசல் தட்டுப்பாடு வந்த வருஷம் எங்கண்ணன் டிராக்டருக்கு இந்த மாதிரி எண்ணெயத்தான் ஊத்தி ஓட்டிச்சு. நிப்பாட்டாம போனா இன்ஜின் சூடேறிச் சீரா ஓடும், நிப்பாட்டினாத்தான் வம்புன்னு சொல்லும். ஒங்ககிட்ட சொன்னா வேனை எடுத்திருப்பீங்களா? ஆஸ்பத்திரியில இருந்து போன் வர்ற வரைக்கும் நான் வாசல விட்டு நகரலைங்க."

"ஏத்தத்துல நின்னு போயிருந்தா?"

நாகலெட்சுமி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"நின்னிருந்தா நாகலெட்சுமி மாத்தி ஊத்திட்டான்னு சொல்லியிருப்பீங்க. ஏறிட்டதால அம்மன் இழுத்தாங்கிறீங்க."