ஆறாவது தூண்

"எட்டு வருஷமா ஒரு பொட்டுத் துரு கூட இல்லையா? கம்பி கட்டுற கதையா இருக்கே" என்றார் தலைமைப் பொறியாளர்.

அவருக்குக் கீழே பொறியாளராக இருந்த அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கடலுக்குள் நிற்கும் படகுத்துறைக்கு ஆறு தூண்கள். கட்டும்போதே ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சென்சார் புதைத்திருந்தார்கள். உள்ளே கம்பியில் துரு ஏற ஏற, திரையில் எண்ணும் ஏறும். உப்புத் தண்ணீரில் ஊறி ஐந்து தூண்களுக்கு எண் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆறாவதில் மட்டும் முதல் நாளிலிருந்தே பூஜ்யம்.

சென்சார்தான் பழுதோ என்று அவளும் சந்தேகப்பட்டிருந்தாள். இரண்டு முறை சோதித்தாள். ஒயரை மாற்றியும் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"அப்ப அதுதான் நல்ல தூண். பக்கத்துத் தூணை ரிப்பேர் பண்ற வரைக்கும் அதோட பாரத்தையும் இதுமேலயே ஏத்திடலாம்" என்றவர், அன்று மதியமே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார்.

அவளுக்கு மண்டை குடைந்தது. அதே சிமென்ட், அதே மணல், அதே கடல். இதற்கு மட்டும் அப்படி என்ன செய்தார்கள்? பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அங்கே கம்பி கட்டியவரைத் தேடிப் போனாள்.

அவர் இப்போது சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தபடியே, முதல் ஐந்து தூண்களையும் கட்டிய விதத்தை ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவதைப் பற்றிக் கேட்டதும் சக்கரம் நின்றது.

"அதுக்கு மட்டும் தனியா ஏதாவது பூசினீங்களா?"

"அது நான் கட்டலைங்க மேடம். அன்னைக்கு என் சம்சாரத்துக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"அப்ப யாரு கட்டினாங்க?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கான்ட்ராக்டரோட ஆளுங்கதான். திறப்பு விழா தேதி நெருங்கிடுச்சுன்னு அவங்களுக்கு அவசரம். மறுநாள் போய்ப் பார்க்கிறேன், தூண் நிக்குது. அதுக்காக நான் வெட்டி வெச்ச கம்பி மொத்தமும் தரையில கிடக்குது. சென்சாரை மட்டும் கயித்துல கட்டி உள்ள இறக்கிட்டு கான்கிரீட்டைக் கொட்டியிருக்காங்க. மேலிடத்துல போய்ச் சொன்னேன். என் வேலைதான் போச்சு."

அவர் முடிப்பதற்குள் அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"சார், ஆறாம் தூண்மேல எதையும் ஏத்தாதீங்க. துருப்பிடிக்க உள்ள கம்பியே இல்ல."