முதல் புடவை

"பண்டிகை விளம்பரம்னா ஒண்ணு ஊர் வாயில ஒட்டுற பாட்டு இருக்கணும் சார். இல்லேன்னா ஒரு சொட்டுக் கண்ணீர். பாட்டு அடுத்த வருஷம் மறந்துடும், கண்ணீர் மறக்காது" என்றான் விளம்பரப் படம் எடுக்கும் கலையரசன்.

சுப்புராமனுக்குக் கேட்கக் கேட்க இனித்தது. மதுராந்தகத்தில் ஜவுளிக்கடை வைத்து இத்தனை வருஷத்தில் வராத பேர், தீபாவளிக்கு லோக்கல் கேபிளில் போட்ட அந்த ஒரு விளம்பரத்தில் வந்திருந்தது.

பெரிய கதையெல்லாம் இல்லை. கடையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் ஜாக்குலினைக் கூப்பிட்டு, 'இந்தப் பண்டிகையோட முதல் புடவை உனக்குத்தாம்மா' என்று முதலாளியே பச்சைப் பட்டை நீட்டுவார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுவாள். அவ்வளவுதான். படாளம் வரைக்கும் போனுக்குப் போன் பறந்தது. கல்யாண வீட்டில்கூட 'பொடவ குட்த்த மவராசன்' என்றுதான் அவரைக் கைகாட்டினார்கள்.

"பொங்கலுக்கும் அந்தம்மாவையே போடுவோம் சார். அன்னிக்கு நான் கிளிசரின் பாட்டிலைத் திறக்கவே இல்லையே!"

அந்தம்மாவே அப்போது உள்ளே வந்தாள். கிறிஸ்துமஸ், அவளுக்கு லீவு. கையில் முதலாளிக்குக் கேக் டப்பா. உடம்பில் அதே பச்சைப் பட்டு.

சுப்புராமனுக்கு முகம் மாறிவிட்டது. ஷூட்டிங் முடிந்த கையோடு அந்தப் புடவையை மடித்து மறுபடி அலமாரியில் வைக்கச் சொன்னதே அவர்தான். நடிப்பு நடிப்புதானே! அன்றைக்கு அவளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தாயிற்று. பெருக்குகிற சம்பளத்தில் பட்டு எங்கிருந்து வரும்? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணியிருக்கிறாள்.

"இங்க வாம்மா. இன்னா இது, நம்ம கடைப் பொடவயா?"

"ஆமா மொதலாளி."

"உங்கிட்ட எப்பிடி வந்துது?"

அவள் வாயைத் திறப்பதற்குள், புடவை பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கைக்காரி எல்லம்மாள் ஓடிவந்தாள். "ஏ, டிவி பொடவ! மொதலாளி குட்த்ததுதான இது?"

"ஆமாக்கா, மொதலாளி குட்த்ததுதான்" என்றாள் ஜாக்குலின், கொஞ்சம்கூடத் தடுமாறாமல்.

"நல்லா இருக்கணும்ப்பா" என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள் எல்லம்மாள்.

திருட்டுக்கு மேல் பொய் வேறா! சுப்புராமனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எம்மூஞ்சிக்கு நேராவே, நான் குட்த்தேன்றியா? திருட்டுக் கழுத! போலீசைக் கூப்புடட்டுமா?"

அவள் குரல் உயரவில்லை.

"திருடல மொதலாளி. எம்பொண்ணு ரூத்து, அவ கம்பெனில குட்த்த போனசுல இதே மாதிரி ஒண்ணு இங்கயே வந்து வாங்கியாந்தா. பில்லு போட்ட துர்காதேவியக் கேளுங்க."

பில் போடும் துர்காதேவி கேட்காமலே தலையாட்டினாள். "ஆமா சார். இதே டிசைன்தான் வேணும்னு தேடி எடுத்துச்சு அந்தப் பொண்ணு."

சுப்புராமனுக்குச் சுருதி இறங்கிவிட்டது. "அப்புறம் ஏம்மா நான் குட்த்தேன்னு சொன்ன?"

"சர்ச்சுல, தெருவுல, எங்க போனாலும் அந்தப் பொடவ எங்க, எப்ப கட்டுவன்னு கேட்டுகினே கீறாங்க. திரும்ப வாங்கிகினாருன்னு எந்த வாயால சொல்றது மொதலாளி? உங்க பேரு கெட்டுடாதா?"

கல்லாவுக்கு மேலே இருந்த டிவியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்த விளம்பரம் நேரம் பார்த்தா வரவேண்டும், அவரே சிரித்துக்கொண்டு புடவையை நீட்டிக்கொண்டிருந்தார். சுப்புராமன் ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்தார். வெட்கமாக இருந்தது.

கலையரசன்தான் பேச்சை மாற்றப் பார்த்தான். "அத விடுங்கம்மா. பொங்கல் விளம்பரத்துலயும் நீங்கதான். முதலாளி புடவை குடுப்பாரு, நீங்க அன்னிக்கு அழுதீங்களே, அதே அழுகை வேணும். வருமா?"

ஜாக்குலின் கேக் டப்பாவை மெதுவாகக் கல்லா மேஜைமேல் வைத்தாள்.

"வராது சார். அன்னிக்கு நெசமாவே குடுக்கறாருன்னு நெனச்சித்தான் அழுதேன்."